பெயரும் உடலும்

கொடும்பாளூர் மூவர்கோயிலில் இன்று நிற்பவை இரண்டே விமானங்கள். பூதி விக்கிரமகேசரி தம் பெயரிலும் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் மூன்று விமானங்கள் எடுத்ததாக அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு கூறுகிறது. வடக்கு விமானத்தில் எஞ்சியது அடித்தளம் மட்டுமே. அக்கல்வெட்டின் தொடக்கமும் சிதைந்துள்ளதால், வேளிர் மரபின் முதல்வர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. விமானத்திற்குப் பதிவுண்டு, உடலில்லை. முதல்வருக்கு வழித்தோன்றல்கள் உண்டு, பெயரில்லை.

கணிப்பொறிக்குள்ளும் இவ்விரு நிலைகளும் நேர்வதுண்டு. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ், கோப்பின் பெயரையும் கோப்பையும் பிரித்து வைத்தது. பெயர் அடைவில் இருக்கும். உரிமையாளர், அளவு, தரவின் இருப்பிடம் ஆகியவை 'ஐநோட்' எனும் எண்ணிட்ட பதிவில் இருக்கும். ('ஐ' எதைக் குறித்தது என்பது யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சிக்கே பின்னாளில் நினைவில்லை, 'இண்டெக்ஸ்' ஆகலாம் என ஊகித்தார். கல்வெட்டு படிப்போருக்கு இது பெரிய ஆறுதல்!)

1991இல் பிறந்த லினக்ஸின் கெர்னல், பயன்பாட்டிலுள்ள ஒவ்வோர் ஐநோட்டின் பிரதியையும் நினைவகத்தில் வைத்து, அதன் நிலையைக் குறித்துக்கொள்கிறது. புதிதாக நிரப்பப்படுவது 'நியூ'. அது முடியும்வரை பிறர் காத்திருக்க வேண்டும். நினைவகத்தில் மாறி, வட்டில் இன்னும் எழுதப்படாதது 'டர்ட்டி'. இந்த இடைவெளிதான் ஆபத்தானது. முதலாம் இராஜராஜர் தம் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்தார். ஆனால் அவ்வறத்தைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவர், தந்தை மறைந்தபின் அரசாண்ட இராஜேந்திரர். ஒரு தலைமுறைக்கு நீண்ட அந்த இடைவெளியை லினக்ஸ் வழக்கமாகச் சுமார் 30 நொடிக்குள் முடிக்கிறது. அதற்குள் மின்சாரம் போனால் மாற்றமும் போகும். 2001இல் லினக்ஸில் சேர்ந்த 'எக்ஸ்ட்3' கோப்பு முறைமை, மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்து, பாதியில் நின்ற பதிவுகளைச் சீர்செய்ய வழிகண்டது.

அழிப்பிலும் கெர்னல் நிதானமானது. பெயரை நீக்கினாலும், யாரேனும் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உடல் இருக்கும். பெயர்களின் எண்ணிக்கையும் பிடித்திருப்போர் எண்ணிக்கையும் இரண்டும் சுழியமானால்தான் 'ஃப்ரீயிங்' நிலை. பிறகு அந்த இடம் அடுத்தவருக்கு.

பழுதால் பெயரிழந்து கிடக்கும் ஐநோட்டுகளைச் சரிபார்க்கும் நிரல், 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற அடைவில் அவற்றின் எண்ணையே பெயராக இட்டுச் சேர்க்கிறது. கொடும்பாளூர் முதல்வருக்கு அந்த எண்ணும் இல்லை. பரவீரஜித்துக்கு முந்தையவர் என்றே அவரை நாம் குறிக்கிறோம்.