பெயரைக் கொடுத்துவிட்ட சித்திரக்காரர்

பெயர் எடுப்பது கஷ்டம். எடுத்த பெயரைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எடுத்த பெயர் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்துக் கொண்டிருக்கும்போதே அதை விட்டுவிடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றி மட்டும் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்றே அவர்களுக்குத் தோன்றியிராது.

சென்ற மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் பழைய கதைகளைப் போல் இப்போது ஏன் எழுதுவதில்லை? உங்கள் பெயரைப் பார்த்துத்தான் பத்திரிகை வாங்குகிறேன். உள்ளே வேறு யாரோ எழுதியது போல் இருக்கிறதே!" என்று கேட்டிருந்தார். அன்பாகத்தான் கேட்டிருந்தார். ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. அப்போதுதான் ஜப்பான் தேசத்துச் சித்திரக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

அவர் 1760-ஆம் ஆண்டில் எடோ நகரில் பிறந்தவர். இன்றைய டோக்கியோவுக்கு அந்நாளில் அதுதான் பெயர். அந்தக் காலத்து ஜப்பானில் சித்திரங்களை மரப்பலகையில் செதுக்கி, வர்ணம் தடவிக் காகிதத்தில் அச்சிட்டுக் கடைகளில் விற்பார்கள். பையன் முதலில் பலகை செதுக்கும் தொழிலைக் கற்றான். பிறகு ஷுன்ஷோ என்ற புகழ் பெற்ற ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்தான். குருநாதர் தம் பெயரில் பாதியைக் கொடுத்து 'ஷுன்ரோ' என்று பெயர் வைத்தார். கபுக்கி நாடக நடிகர்களின் படங்களை வரைவது அந்தப் பரம்பரையின் தொழில். ஷுன்ரோவும் அதையே வரைந்து வந்தார்.

1793-ல் குருநாதர் காலமானார். அதற்குப் பின் அந்தப் பரம்பரையில் ஷுன்ரோவுக்கு இடமில்லாமல் போயிற்று. வேறு பள்ளிகளின் முறைகளை அவர் திருட்டுத்தனமாகக் கற்றதுதான் காரணம் என்கிறார்கள். அவர் ஒரு படக்கடைக்கு எழுதிக் கொடுத்த விளம்பரத்தை மூத்த சீடர் ஒருவர் அவர் கண்ணெதிரிலேயே கிழித்தெறிந்தார் என்றும், அந்த அவமானம்தான் தம்மை ஓவியனாக்கியது என்று அவர் பிற்காலத்தில் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

முப்பது வயதைத் தாண்டியவருக்குக் குருவும் இல்லை. குரு கொடுத்த பெயரும் இல்லை. 'ஸோரி' என்ற வேறொரு பரம்பரைப் பெயரை ஏற்றுக்கொண்டு, நேர்த்தியான வாழ்த்துப் படங்களும் அழகிய பெண்களின் படங்களும் வரைந்தார். அந்தப் பெயரும் பிரபலமாயிற்று. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அப்பாடா என்று உட்கார்ந்திருப்போம்! அவரோ 1798-ல் ஸோரி என்ற பெயரைத் தம் சீடர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எந்தப் பரம்பரையிலும் சேராத தனி மனிதராக 'ஹோக்குஸாய்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வடக்குச் சித்திரசாலை என்று அதற்குப் பொருள். வடதிசை நட்சத்திரத்தின் தெய்வத்திடம் அவருக்கு பக்தி அதிகம்.

ஹோக்குஸாய் என்ற பெயரில் நாவல்களுக்குப் படம் போட்டார். அதில் பெரும் புகழ் வந்தது. அந்தப் பெயரும் பின்னர் ஒரு சீடருக்குப் போய்ச் சேர்ந்தது. 'தைதோ' என்ற அடுத்த பெயரோடு, படம் வரையக் கற்பவர்களுக்கான மாதிரிப் புத்தகங்களில் இறங்கினார். 1814-ல் முதல் பாகம் வந்த 'மங்கா' வரிசை அப்படிப் பிறந்ததுதான். மல்லர்களும் வண்டுகளும் பேய்களும் துணி துவைக்கும் பெண்களும் அதில் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கிறார்கள். இப்படிப் பெயர்களைக் கைமாற்றியதில் அவருக்குக் கொஞ்சம் பணமும் கிடைத்தது என்று சொல்வதுண்டு. இருக்கலாம். மனிதர் எப்போதும் கடனாளி.

1820-ல் அவருக்கு அறுபது ஆண்டுகள் நிறைந்தன. நம்மைப் போலவே ஜப்பானியர்களுக்கும் அறுபது வருஷச் சக்கரம் உண்டு. நாம் சஷ்டியப்த பூர்த்தி செய்துகொண்டு, பேரன் பேத்திகளின் நமஸ்காரத்தை ஏற்றுக்கொள்கிறோம். அவரோ மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம் என்ற பொருளில் 'இயிட்ஸு' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஆரம்பம் நன்றாக இல்லை. அறுபதுகளின் கடைசியில் பக்கவாதம் வந்தது. 1828-ல் இரண்டாவது மனைவி இறந்தாள். மகள் வயிற்றுப் பேரன் சூதாடிக் கடன் சேர்த்தான். அது கிழவர் தலையில் விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் வெளியுலகத்தைக் கவனித்துக் கொண்டிருந்தார். நகரத்து ஜனங்கள் யாத்திரைப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். பியூஜி மலைக்குப் போகப் பக்த சபைகளே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட 'பிரஷ்ய நீலம்' என்ற சாயம் அப்போதுதான் எடோவில் விலை மலிந்தது. மலை பழையது, நீலம் புதியது. எழுபது வயதுக் கிழவர் இரண்டையும் சேர்த்தார். 1830-ஐ ஒட்டித் தொடங்கிய 'பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' அமோகமாக விற்று, மேலும் பத்துப் படங்கள் சேர்ந்து நாற்பத்தாறு ஆயிற்று. உலகமெல்லாம் அறிந்த அந்தப் பேரலை இந்த வரிசையில் வந்ததுதான்.

அந்த அலைப் படத்தின் இடது மேல்மூலையில் உள்ள கையெழுத்துத்தான் நான் சொல்ல வந்த விஷயம். 'ஹோக்குஸாயாக இருந்து மாறிய இயிட்ஸு வரைந்தது' என்ற பொருளில் அவர் அங்கே எழுதியிருக்கிறார். பெயரை மாற்றிப் பத்து வருஷங்கள் ஆன பிறகும், பழைய பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதிய பெயரை எழுதுகிறார்! கடையை இடம் மாற்றும் வியாபாரி பழைய கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவதில்லையா, அது போல. தாம் மாறிவிட்டதை அவர் மறைக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களை நடுத்தெருவில் விட்டுவிடவும் இல்லை.

1834-ல் மீண்டும் ஒரு பெயர். இந்தத் தடவை 'சித்திரப் பித்துப் பிடித்த கிழவன்' என்ற அடைமொழியோடு. தாம் எழுபது வயதுக்கு முன் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும், எண்பதில் கொஞ்சம் முன்னேறி, நூறைத் தாண்டினால் ஏதோ தெரிந்துவிடும் என்றும் அப்போது எழுதினார். 1839-ல் வீடு தீப்பற்றி, பல வருஷத்து வரைபடங்கள் சாம்பலாயின. கிழவர் மறுபடியும் தூரிகையை எடுத்தார். 1849-ல், எண்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

ஊர் என்ன செய்தது பாருங்கள்! அவர் சீடருக்குத் தானம் செய்துவிட்ட ஹோக்குஸாய் என்ற பெயரையே பிடித்துக்கொண்டது. 2024-ல் ஜப்பான் வெளியிட்ட ஆயிரம் யென் நோட்டின் பின்புறத்தில் அவருடைய அலை இருக்கிறது. அதை வரைந்தவர் யார் என்று கேட்டால் உலகம் ஹோக்குஸாய் என்றுதான் சொல்லும். ஒருவனை எந்தப் பெயரால் நினைவில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பது அவன் இல்லை போலும். அடுத்த படத்தை எப்படி வரைவது என்பது மட்டுமே அவன் கையில் இருக்கிறது.

வாசகிக்குப் பதில் எழுதிவிட்டேன். 'பழைய கதைகளை எழுதியவன்தான் அம்மா, இவற்றையும் எழுதுகிறான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் படித்துப் பாருங்கள்' என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். அதை மாற்றிக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.