கறையிற் பிறந்த காட்சி

“விரும்பியதை வரைக” என்று ஆசிரியர் கூறியதும், வெறுந்தாளின் முன் மாணவரின் கை தயங்கி நிற்பதுண்டு. கற்பனைக்கும் ஒரு பற்றுக்கோடு வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் சித்திரம் பயிற்றிய அலெக்சாந்தர் கோசன்ஸ், ஒருநாள் மாணவரொருவருடன் இருக்கையில், அழுக்குப் படிந்த தாளொன்றில் நிலக்காட்சி வரைந்தார். தாம் அறியாமலே அதன் மங்கிய கறைகள் தம் கையை நடத்தியதைப் பின்னர் கண்டார். கறைபடிந்த சுவர்களில் மலைகளையும் போர்க்களங்களையும் காணலாம் என லியனார்டோ டா வின்சி முன்னரே எழுதியிருந்தார். லியனார்டோ கறையைத் தேடச் சொன்னார். கோசன்ஸோ அதனைத் தூரிகையால் வேண்டும்போது உண்டாக்கக் கற்பித்து, அம்முறையை 1780களில் நூலாகவும் வெளியிட்டார்.

கறை அனைவருக்கும் ஒன்றே. அதிற் காணும் மலையும் மரமும் அவரவர்க்கு உரியன. நேயர்களே, மாணவருக்கு ஆசிரியர் அளிக்கவேண்டியது முடிந்த சித்திரமன்று. தொடங்குவதற்கு ஒரு கறையே.