லா மாந்திரியா மான்களின் கல்லீரல்

இத்தாலியின் தூரின் நகரை ஒட்டிய லா மாந்திரியா, சவாய் அரச குடும்பத்தின் வேட்டைக் காடாக இருந்தது. வேட்டையில் தீராத நாட்டம் கொண்ட இரண்டாம் விக்டர் இம்மானுவேல் மன்னரின் காலத்தில், வாபிட்டி எனப்படும் வட அமெரிக்கப் பெரிய மான்கள் 1860களில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. பின்னர் அக்காட்டின் மான்கள் மெலிந்து சாகத் தொடங்கியபோது, தூரின் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரோபர்த்தோ பாஸ்ஸி அவற்றின் கல்லீரலை அறுத்துப் பார்த்து, ஆட்டு ஈரலின் தட்டைப்புழுவைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு புழுவைக் கண்டு, 1875இல் அதற்கு 'டிஸ்டோமம் மாக்னம்' எனப் பெயரிட்டார்.

ஈரலில் புழு இருப்பது ஐரோப்பிய மேய்ப்பர்களுக்குப் புதிய செய்தியன்று. 1379ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான ழான் த பிரி அதைப் பதிவு செய்திருந்தார், ஆனால் ஈரல் அழுகுவதற்கு மேய்ச்சலில் தின்ற நச்சுப் பூண்டே காரணம் என அவர் கருதினார்.

ஆட்டுப் புழு சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமே கொண்டு பித்தக் குழாய்களுக்குள் வாழ்வதால், அக்குழாய்கள் தடித்து இறுகிக் கத்திக்குத் தட்டுப்படும். பாஸ்ஸி கண்ட புழுவோ பத்து சென்டிமீட்டர் வரை வளர்ந்து, ஈரலின் திசுவுக்குள்ளேயே தடித்த சுவருள்ள கூடு ஒன்றில் தங்கும். கூட்டைக் கீறினால் பழுப்பு நீர் வழிய, பெரும்பாலும் இரண்டு புழுக்கள் இலைபோல் மடிந்து கிடக்கும். குடித்த இரத்தத்திலிருந்து அது கழித்துவிடும் இரும்புச் சத்துள்ள கருநிறமி, புழு சென்ற தடமெங்கும் மைக்கறையாகப் படிந்திருப்பதே அதை ஐயமற அறிவிக்கும் அடையாளம். ஈரலின் மேற்பரப்பில் தெளிந்த நீர்ப்பையாகத் தொங்கி, உள்ளே ஒரு வெண்புள்ளியைக் காட்டுவது வேறொன்று. அது நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம்.

புழு எப்படிப் பரவியது என்பது பாஸ்ஸியின் காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆட்டுப் புழுவின் முட்டை நீரில் பொரித்து, நத்தைக்குள் பெருகி, புல்லில் ஒட்டி மீண்டும் ஆட்டை அடைகிறது என்பதை ஆக்ஸ்போர்டில் அல்ஜெர்னான் தாமசும் ஜெர்மனியில் ருடால்ஃப் லாய்க்கார்ட்டும் தனித்தனியே 1880களின் தொடக்கத்தில் நிறுவினர். மான் புழுவும் இதே வழியில் செல்வதால், ஐரோப்பிய நத்தைகள் அதற்கு இடம் கொடுத்தவுடன் வாபிட்டியோடு கடல்கடந்து வந்த நோய் அங்கேயே வேரூன்றிவிட்டது. வாபிட்டி பெரிதும் பாதிப்பின்றிச் சுமக்கும் இப்புழு, ரோ மானிலும் ஆட்டிலும் கூடு கட்டாமல் ஈரலைத் துளைத்துக்கொண்டே அலைவதால், சில புழுக்களே அவற்றைக் கொன்றுவிடும். அரசரின் பொழுதுபோக்குக்கு விலை கொடுத்தவை உள்ளூர் விலங்குகளே. இன்று செக் நாட்டுக் காடுகளிலும் தன்யூப் ஆற்றின் வெள்ளச் சமவெளிகளிலும் இப்புழு நிலைத்துள்ளது.

வேட்டையாடிய மானின் ஈரலைப் பார்ப்பது இன்று பாஸ்ஸி போன்ற ஆய்வாளரின் வேலை மட்டுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிகள், விற்பனைக்கு வரும் வேட்டை விலங்கின் உடலையும் உள்ளுறுப்புகளையும், அது கொல்லப்பட்டவுடன் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து, இயல்புக்கு மாறானதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. அத்தகையவர் இல்லாதபோது தலையும், வயிறும் குடலும் நீங்கலாகப் பிற உள்ளுறுப்புகள் அனைத்தும் உடலோடு சோதனைக்கு அனுப்பப்பட வேண்டும்.