தமனி: ஊதுகுழலிலிருந்து இரத்தக்குழாய்க்கு

'தமனி' வடமொழிவழி வந்த சொல். ஊதுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, குழலையும் குறித்தது. தமனியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஆர்ட்டீரியா'வும் முதலில் மூச்சுக்குழாயின் பெயர்தான். அதற்குச் 'சொரசொரப்பான' என்று அவர்கள் சேர்த்த அடைமொழி மட்டும் மிஞ்சி இன்றைய 'டிரக்கியா' ஆயிற்று. பிணங்களில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அவற்றில் ஓடுவது காற்றே என்று கிரேக்க மருத்துவர் எராசிஸ்டிராடஸ் கற்பித்தார்.

பெயரில் மிகவும் அலைக்கழிந்தது நுரையீரல் தமனி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் ஹெரோஃபிலஸ், தமனியின் சுவர் சிரையின் சுவரைவிட ஆறு மடங்கு தடிப்பு என்றார். இதயத்தின் வலப்புறத்தைச் சேர்ந்தவை சிரைகள் என்பது அன்றைய கணக்கு. ஆனால் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இந்தக் குழாயின் சுவர் தடித்திருந்தது. ஆகவே அதைத் 'தமனி போன்ற சிரை' என்றார். 1242இல் இப்னு அல்-நஃபீஸ் நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கியபோதும், 1628இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி இரத்தச் சுழற்சியைப் பற்றி எழுதியபோதும் அந்தப் பெயரே வழங்கியது. இரத்தம் இதயத்தைவிட்டுப் போகும் குழாய் தமனி, திரும்பி வரும் குழாய் சிரை என்ற வரையறை வேரூன்றிய பிறகே இன்றைய பெயர் நிலைத்தது.

வரையறை சரிதான். ஆனாலும் பழைய பெயரிலுள்ள 'சிரை'யை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தக் குழாயில் சராசரி அழுத்தம் 15 மி.மீ. பாதரச அளவை ஒட்டியது. பெருந்தமனியிலோ 90க்கு மேல். பெருந்தமனியோடு ஒப்பிட்டால் இதன் சுவர் மிக மெல்லியது. நுரையீரலை அகற்றும் அறுவையில் முரட்டுக் கை பட்டால் கிழியும்.

1933 ஏப்ரலில், செயின்ட் லூயிஸ் நகரில், அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோயாளி ஒருவரின் இடது நுரையீரலை முழுதாக அகற்றியபோது அதன் வேர்ப்பகுதியை மொத்தமாகக் கட்டினார். அதே ஆண்டு பால்டிமோரில் ரைன்ஹாஃப் தமனி, சிரை, மூச்சுக்கிளை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் கட்டினார். அந்த முறையே பிழைத்தது. தமனியைப் போர்த்திய மெல்லிய உறையைத் திறந்து, உறைக்கும் சுவருக்கும் நடுவே கருவி நுழையும். வளைந்த இடுக்கியின் நுனி பின்பக்கம் சுற்றி வரும் கணம்தான் ஆபத்தானது. பிறகு இதயப் பக்கத்தில் இரட்டைக் கட்டு, அல்லது ஸ்டேப்ளர். கட்டி குழாயோடு ஒட்டியிருந்தால் இதய உறையைத் திறந்து உள்ளேயே கட்டுவார்கள். கிழிந்துவிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இடுக்கி போடக் கூடாது; கிழிசல் பெரிதாகும். முதலில் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் குறைந்த குழாயாதலால் பெரும்பாலும் அந்த விரலுக்கே இரத்தம் கட்டுப்படும். அதற்குள் கிழிசலுக்கு இதயப் பக்கத்தில் குழாயை இறுக்கிப் பிடிக்க இடம் கிடைக்கும்.