'நகரேஷு காஞ்சி': காளிதாசர் சொன்னதா?

காஞ்சிபுரத்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இரண்டாவது பத்திக்குள் காளிதாசர் வந்துவிடுவார். "நகரேஷு காஞ்சி, அதாவது நகரங்களில் சிறந்தது காஞ்சி என்று மகாகவி காளிதாசரே பாடியிருக்கிறார்." சுற்றுலாக் கையேடு, கல்லூரி ஆண்டு மலர், கல்யாண மேடைப் பேச்சு, பட்டுக்கடை விளம்பரம் என்று எங்கே பார்த்தாலும் இந்த வரி இருக்கும். சிலர் மட்டும் காளிதாசருக்குப் பதிலாக பாரவி என்பார்கள்.

கேட்கவே பெருமையாகத்தான் இருக்கு. ஆனால் எந்த நூலில், எந்த சர்க்கத்தில், எத்தனையாவது சுலோகம் என்று கேட்டால் பதில் வராது. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் வெளியே இருந்து பார்ப்போம். காளிதாசருடையவை என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட நூல்கள் ஏழு: ரகுவம்சம், குமாரசம்பவம், மேகதூதம், ருதுசம்ஹாரம், சாகுந்தலம், மாளவிகாக்னிமித்திரம், விக்ரமோர்வசீயம். இந்த ஏழிலும் இந்த வரி இல்லை. ரகுவம்சத்தின் நான்காம் சர்க்கத்தில் ரகு திக்விஜயம் செய்து தெற்கே வருகிறான். காவிரி வருகிறது, மலய மலை வருகிறது, பாண்டியன் வருகிறான், தாமிரபரணி முத்து வருகிறது. காஞ்சி மட்டும் வரவில்லை. நகரங்களிலேயே சிறந்தது என்று நினைத்தவர் அந்த வழியாகவே போய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமலா விட்டிருப்பார்?

மின்னுரைகளில் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'காஞ்சி' என்று தட்டினால் காளிதாசரில் அந்தச் சொல் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது ஊர் இல்லை. சம்ஸ்கிருதத்தில் காஞ்சி என்றால் பெண்கள் இடுப்பில் அணியும் மேகலை. மேகதூதத்தில் ஒரு ஆற்றின் மேல் வரிசையாக இருக்கும் பறவைகளை அவர் அப்படித்தான் வர்ணிக்கிறார். அதே நூலில் அவர் மனதைப் பறிகொடுத்த நகரம் எது என்று பார்த்தால் உஜ்ஜயினி. மேகத்தை வழியை விட்டு விலகியாவது அங்கே போய்விட்டுப் போகச் சொல்கிறார்.

"சரி, அது தனிப்பாடலாக இருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அந்தச் சுலோகத்துக்குள்ளேயே இருக்கிறது.

மேடைகளில் சொல்லப்படுவது முதல் பாதி மட்டும். பூக்களில் ஜாதிமல்லி, ஆண்களில் விஷ்ணு, பெண்களில் ரம்பை, நகரங்களில் காஞ்சி. இதற்கு ஒரு இரண்டாம் பாதியும் உண்டு. அதன் பொருள் இதுதான்: நதிகளில் கங்கை, அரசர்களில் ராமன், காவியங்களில் மாகம், கவிகளில் காளிதாசன்.

கடைசி இரண்டையும் இன்னொரு முறை படிங்க. "கவிகளில் சிறந்தவன் காளிதாசன்" என்று முடிகிற பாட்டை எழுதியது காளிதாசரா? தற்பெருமை என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு முந்தைய பகுதி இடிக்கிறது. மாகம் என்பது மாகர் எழுதிய சிசுபாலவதம். மாகர் 7, 8-ஆம் நூற்றாண்டுக்காரர். காளிதாசர் காலம் பொதுவாக 4, 5-ஆம் நூற்றாண்டு என்பார்கள். அவரைப் பின்னுக்கு இழுத்தாலும் 634-ஐத் தாண்ட முடியாது. ஏனென்றால் அந்த ஆண்டு வெட்டப்பட்ட ஐஹொளெ கல்வெட்டில் ரவிகீர்த்தி என்ற கவிஞர், காளிதாசரையும் பாரவியையும் ஏற்கெனவே புகழ்பெற்றவர்களாகக் குறிப்பிடுகிறார். எனவே பாரவி கட்சியும் இதே இடத்தில் அடிபடுகிறது. தங்களுக்குப் பின்னால் வந்த காவியத்துக்கு இருவருமே முதல் பரிசு கொடுத்திருக்க முடியாது.

(ரவிகீர்த்தி புலிகேசியின் அரசவைக் கவி. பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் போய் ஒளிந்தான் என்று கேலி செய்வதும் இதே கல்வெட்டுதான்.)

"முதல் பாதி பழசு, இரண்டாம் பாதி யாரோ பின்னால் ஒட்டியது" என்று ஒரு எதிர்வாதம் வரலாம். இருக்கலாம். ஆனால் அப்போதும் முதல் பாதியைக் காளிதாசரோடு கட்டிப்போட ஒரு ஆதாரம் வேண்டுமே! அவர் பெயர் இந்தப் பாட்டில் வருவதே இரண்டாம் பாதியில்தான், அதுவும் பாராட்டப்படுகிறவராக. பெயர் இடம் மாறியது இப்படித்தான் என்பது என் ஊகம். பாட்டுக்குள் இருந்த பெயர் மெல்ல நகர்ந்து பாட்டுக்கு வெளியே வந்து ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிறகு இரண்டாம் பாதி உதிர்ந்துபோனதால் முரண்பாடும் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். இந்தப் பாட்டு ஒரே வரிசையில் கிடைப்பதில்லை. சிலர் ஜாதிமல்லிக்கு அடுத்து விஷ்ணுவைச் சொல்வார்கள், சிலர் காஞ்சியைச் சொல்வார்கள். இரண்டு துண்டுக்கும் ஒரே தாளக்கட்டு என்பதால் இடம் மாற்றினாலும் சந்தம் உடையாது. வாய்வழியாகப் புழங்கிய சரக்குக்கு இது வழக்கமான அடையாளம்.

காளிதாசருக்கு இது புதிதும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் பல்லாளர் எழுதிய போஜப் பிரபந்தத்தில் காளிதாசர், பவபூதி, மாகர் எல்லாரும் 11-ஆம் நூற்றாண்டு போஜராஜன் சபையில் ஒன்றாக உட்கார்ந்து கவி பாடுவார்கள். நம்ம பக்கம் ஔவையார் பெயரில் எத்தனை நூற்றாண்டுப் பாடல்கள் சேர்ந்திருக்கு என்று நமக்குத் தெரியும். இப்போது வாட்ஸ்அப்பில் அந்த வேலையை ஐன்ஸ்டீனும் அப்துல் கலாமும் பார்க்கிறார்கள். அனாதையாக இருக்கும் நல்ல வாக்கியம் பெரிய வீடு தேடிப் போய்விடும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். காஞ்சியில் 1909-இல் பிறந்த அண்ணா, ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்ற வாக்கியத்தைத் தன் கட்சியின் முழக்கமாக்கினார். அதை அவர் சொந்தமாகச் சொன்னதாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது திருமூலரின் திருமந்திரத்தில் இருப்பது. இரண்டு 'உம்' மட்டும் உதிர்ந்திருக்கிறது.

சரி, காளிதாசர் போய்விட்டால் காஞ்சிக்கு என்ன மிச்சம்? நிறையவே மிச்சம்.

ஒன்று, அப்பர். கல்விக்குக் கரையே இல்லாத காஞ்சி மாநகர் என்று சொன்னவர் அவர். நான்காம் திருமுறையில், திருமேற்றளிப் பதிகத்தில் இருக்கிறது. கோயில் இன்றைக்கும் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில்தான் இருக்கு. இதிலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. மேடையில் 'கல்வியில்' என்கிறார்கள், பதிகத்தில் 'கல்வியை'. நாலு அடியின் முதல் சொல்லும் 'ஐ' ஓசையில் முடியும் பாட்டு அது. 'இல்' போட்டால் அந்த ஓசை அறுந்துவிடும். ஒரு உருபு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வருவதை உருபு மயக்கம் என்பார்கள். நம் காதுக்குப் பழக்கமில்லாததால் 'திருத்திவிட்டோம்'.

இரண்டு, அதே 7-ஆம் நூற்றாண்டின் சீனப் பயணி யுவான் சுவாங். நகரின் சுற்றளவு 30 லி, நூற்றுக்கும் மேற்பட்ட சங்காராமங்கள், 10,000 பிக்குகள் என்று கணக்கு எழுதியவர், இந்த ஊர் மக்கள் கல்வியை மதிப்பவர்கள் என்றும் எழுதினார். நாலந்தாவில் தலைமை வகித்த தர்மபாலர் பிறந்த ஊர் இது என்பதும் அவர் குறிப்புதான். அப்பர் சைவர், இவர் பௌத்தர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. ஆனாலும் இருவர் கண்ணிலும் பட்டது கல்விதான்.

மூன்று, கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு. கடம்ப வம்சத்தை நிறுவிய மயூரசர்மன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சியின் கடிகைக்குப் படிக்க வந்தான், இங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு தகராறாகி, படிப்பை விட்டுக் கத்தியை எடுத்தான் என்கிறது. வெளியூர் அரச வம்சம் ஒன்று தன் கதையைக் காஞ்சியின் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறது!

இதில் அந்தப் பெயர் தெரியாத சுலோகத்தையும் நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கங்கையோடும் ராமனோடும் ஒரே பட்டியலில் வைக்கிற அளவுக்கு காஞ்சியின் பெயர் எங்கோ யாரோ ஒருவர் நாக்கில் இருந்திருக்கிறது. ஒரு ஆளின் பாராட்டைவிட அப்படிப் பழமொழியாகிப் போனது ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம்.

பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதா என்று பார்க்கிற ஊர் இது. மேற்கோளுக்கும் அந்தச் சோதனை வேண்டும். நூல் பெயர், இடம், முழுப் பாட்டு: இந்த மூன்றையும் கேட்டால் போதும். அடுத்த ஆண்டு மலருக்கு யாராவது வாசகம் தேடினால், காளிதாசர் பெயரை எடுத்துவிட்டு 'பழைய சுலோகம்' என்று போடுங்க. பெரிய பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் அப்பர் இருக்கிறார். 'கல்வியை' என்றே அச்சடிக்கச் சொல்லுங்க. பிழை திருத்துபவர் மாற்றிவிடாமல் பார்த்துக்கணும்.