செப்புக் காசும் புளித் தண்ணியும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கூரம் என்றதும், வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டுச் செய்தியைச் செம்பு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதைவிட மூத்த செம்பும் தமிழ்நாட்டு மண்ணில் உண்டு. அதுதான் ரோமானியரின் சில்லறைக் காசு.

ரோமானியப் பொற்காசு என்றால் எல்லோரும் வாயைப் பிளப்போம். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்த கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளோ பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுதான்! 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றி 1994இல் ஆங்கிலத்தில் தனி நூலே வெளியிட்டார். சங்க காலத்தோடு ரோம் தொடர்பு முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்தச் சின்னக் காசுகளே சாட்சி.

அடையாளம் காண்பது எப்படி? முன்பக்கம் பக்கவாட்டு முகம், தலையில் முத்துப்பட்டை, சுற்றிலும் ரோமன் எழுத்து. 'டி.என்.' என்று தொடங்கினால் 'நம் தலைவர்' என்று பொருள். அடுத்து வருவது பேரரசன் பெயர். பின்பக்கம் சிலுவையோ, கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதையோ இருக்கும். அடியில் அச்சடித்த ஊர்: 'ஏ.என்.டி.' என்றால் அந்தியோக்கியா, 'ஏ.எல்.இ.' என்றால் அலெக்சாந்திரியா. பெயர் தேய்ந்திருந்தாலும் பின்பக்க உருவத்தை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

ஆனால் நம்ம ஆளுங்க முதலில் செய்வது என்ன? புளி போட்டுத் தேய்க்கிறது! பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். தம்பி தங்கைகளே, காசு கிடைத்தால் தேய்க்காதீங்க. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தாசில்தாரிடமோ அரசு அருங்காட்சியகத்திலோ காட்டுங்க.