கைமாறிய நாய்: ஒரு பொறிப்பின் நடுவரியும் பல்கலைக்கழக விலங்காய்வு மேற்பார்வையும்

லண்டனின் பேட்டர்சி பகுதியில், லாட்ச்மியர் திடலில், 1906 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட பழுப்பு நாய்ச் சிலையைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் பரவலாக எடுத்தாளப்படுவது கோரல் லான்ஸ்பரி 1985இல் வெளியிட்ட 'தி ஓல்ட் பிரவுன் டாக்' என்னும் நூல். அந்நூலின் முடிவோடு இக்கட்டுரை முரண்படுகிறது. அதற்கு நான் நம்பியிருக்கும் சான்று சிறியது: சிலைப் பீடத்தின் பொறிப்பில் நடுவே வரும் ஒரு சொற்றொடர்.

1. லான்ஸ்பரியின் வாசிப்பு

ஒரு நாயின் சிலைக்காக 1907இல் மருத்துவ மாணவர்களும் பேட்டர்சித் தொழிலாளர்களும் ஏன் தெருவில் மோதிக்கொண்டார்கள்? லான்ஸ்பரியின் தொடக்கக் கேள்வி இது. வாக்குரிமை கேட்ட பெண்களும் தொழிற்சங்கத்தாரும் ஒரே சிலையைக் காக்க ஏன் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதற்கு அவர் தரும் விடை நுட்பமானது. பலகையில் கட்டிவைக்கப்பட்ட விலங்கில், மகப்பேற்று மருத்துவரின் மேசையில் கிடக்கும் தன்னையே பெண் கண்டாள். தருமமருத்துவமனைக்குப் போனால் தன் உடல் என்னவாகும் என்ற அச்சத்தைத் தொழிலாளி அந்த நாயில் கண்டான். அக்காலப் புதினங்களையும் மருத்துவ எழுத்தையும் ஆபாச எழுத்தையும் அருகருகே வைத்து இந்த ஒப்புமையை லான்ஸ்பரி நிறுவுகிறார். இங்கிருந்து அவர் எட்டும் முடிவுதான் என் எதிர்வாதத்துக்கு உரியது: விலங்கு வேறொருவரின் பதிலியாக நின்றது, விலங்கை விலங்காகவே பார்க்காததால் அந்த இயக்கம் தோற்றது.

இந்த வாசிப்பின் முதற்பாதியை நான் ஏற்கிறேன். பெண்ணுடலின் வரலாற்றையும் விலங்குடலின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் திறந்துவைத்த வழியில்தான் நானும் அந்தப் பீடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் பிற்பாதி ஏற்கத்தக்கதாக இல்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, கூட்டத்தின் மனநிலையிலிருந்து இயக்கத்தின் கோரிக்கையை அவர் வருவிக்கிறார். தெருவில் திரண்டவர்களின் அச்சமும் கல்லில் சொல் பொறித்தவர்களின் வழக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதினங்களுக்கு அவர் தந்த இடத்தில் ஒரு பங்கையேனும் பொறிப்பின் தொடரமைப்புக்குத் தந்திருந்தால், அங்கே ஒரு குறிப்பிட்ட நாயின் குறிப்பிட்ட இரண்டு மாதங்கள் வரிசையாக எழுதப்பட்டிருப்பதை எடைபோட வேண்டி வந்திருக்கும். பதிலிக்கு வாழ்க்கைக் குறிப்பு தேவைப்படாது.

இரண்டாவது, 'தோல்வி' என்ற தீர்ப்பு எந்த ஆண்டில் நின்று எழுதப்பட்டது என்பது முக்கியம். நூல் 1985இல் வந்தது. 1876ஆம் ஆண்டின் விலங்கு வதைச் சட்டம் நீக்கப்பட்டுப் புதிய சட்டம் வந்தது 1986இல். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, பொறிப்பின் நடுவரி எழுப்பிய அதே கேள்விக்கு விடை சொல்கிறது. இதற்காக லான்ஸ்பரியைக் குறைகூற முடியாது. ஆனால் அவர் தீர்ப்பை இன்றும் அப்படியே வழிமொழிவோரைக் கேட்கலாம்.

2. பொறிப்பு

பொறிப்பின் உள்ளடக்கம் நான்கு உறுப்புகள் கொண்டது. 1903 பிப்ரவரியில் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வுக்கூடங்களில் சாகடிக்கப்பட்ட பழுப்பு டெரியர் நாயின் நினைவு என்று முதல் உறுப்பு அறிவிக்கிறது. இரண்டு மாதத்துக்கும் மேலாக அது உயிரோடு அறுபட்டது என்றும், சாவு வந்து விடுவிக்கும்வரை அறுப்பவர் ஒருவரிடமிருந்து இன்னொருவர் கைக்கு மாறியது என்றும் இரண்டாவது சொல்கிறது. மூன்றாவது, அதே இடத்தில் 1902இல் அறுக்கப்பட்ட 232 நாய்களை நினைவுகூர்கிறது. இங்கிலாந்தின் ஆண்களையும் பெண்களையும் விளித்து, இது இன்னும் எத்தனை காலம் என்று கேட்டு முடிகிறது நான்காவது.

பெரும்பாலும் மேற்கோளாவது அந்தக் கடைசிக் கேள்விதான். உணர்ச்சி அங்கே இருக்கிறது; வழக்கு இரண்டாம் உறுப்பில் இருக்கிறது. 'கைமாறியது' என்ற வினை அங்கே என்ன செய்கிறது? வலியை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'இரண்டு மாதம் அறுபட்டது' என்பதே போதும். வெவ்வேறு ஆட்களிடம் அந்த நாய் போனது என்ற தகவலைச் சேர்ப்பதால் துன்பத்தின் அளவு கூடுவதில்லை. பொறுப்பு யாருடையது என்ற கேள்விதான் கூடுகிறது.

கல்லில் ஆட்பெயர் ஒன்றும் இல்லை. கல்லூரியின் பெயர் மட்டும் இருக்கிறது. குற்றச்சாட்டு தனிமனிதரை விட்டு நிறுவனத்தின் மேல் ஏற்றப்பட்டதற்கு இது அடையாளம் என்று கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் எளிய விளக்கமும் உண்டு. ஆய்வாளரின் பெயர் சொல்லிப் பேசிய விலங்கறுப்பு எதிர்ப்பாளர் ஸ்டீபன் கோல்ரிட்ஜ், 1903 நவம்பரில் அவதூறு வழக்கில் தோற்று 2,000 பவுண்டு இழப்பீடு தர நேர்ந்தது. அதன் பிறகு கல்லில் பெயர் பொறிக்க யாரும் தயங்கியிருப்பார்கள். ஆகவே பெயரின்மையின் மேல் நான் வாதம் எதையும் கட்டவில்லை. கைமாறியது என்ற வினைக்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. அது தேர்ந்தெடுத்துப் போட்ட சொல்.

3. மூன்று கைகள்

நடந்ததைக் கைகளின் வரிசையில் வைத்துப் பார்ப்போம். 1902 டிசம்பரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அந்த நாயின் கணைய நாளத்தைக் கட்டினார். 1903 பிப்ரவரி 2 அன்று அவரே வயிற்றை மீண்டும் திறந்து விளைவைப் பார்த்துவிட்டு, சக உடலியலாளர் வில்லியம் பெய்லிஸிடம் ஒப்படைத்தார். பெய்லிஸ், மாணவர் முன்னிலையில், அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்துச் செயல்விளக்கம் நடத்தினார். பிறகு நாய் ஹென்றி டேலிடம் போயிற்று. பின்னாளில், 1936இல், நோபல் பரிசு பெற்ற டேல் அப்போது உரிமம் பெறாத ஆய்வு மாணவர். கணையத்தை எடுத்த பின் நாயைக் கொன்றவர் அவர். கத்தியாலா குளோரோஃபார்மாலா என்பதில், கோல்ரிட்ஜ்மேல் பெய்லிஸ் தொடுத்த அந்த அவதூறு வழக்கின் சாட்சியங்களே ஒத்துப்போகவில்லை.

பார்வையாளர் வரிசையில் இருந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் இருவர், லிஸ்ஸி லிண்ட் அஃப் ஹாகெபியும் லைசா ஷார்டாவும், தங்கள் நாட்குறிப்பில் எழுதியவற்றுள் இரண்டு செய்திகள் முக்கியமானவை. நாய் துடித்தது, மயக்க மருந்தின் வாடையே இல்லை என்பது ஒன்று. வயிற்றில் பழைய அறுவையின் வடு இருந்தது என்பது மற்றொன்று. நீதிமன்றமும் செய்தித்தாள்களும் முதலாவதையே பற்றிக்கொண்டன. அதில் பெய்லிஸ் வென்றார். இரண்டாவதை மறுக்க யாருமே முன்வரவில்லை. ஒரே நாயை இரண்டு முறை பயன்படுத்தியது சட்டமீறல்தான் என்று சாட்சிக் கூண்டில் ஸ்டார்லிங்கே ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைப் பலியிடாமல் இருக்கவே அப்படிச் செய்தேன் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தைச் சாக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரு நாய் இருமுறை துன்புறுவதா, இரண்டு நாய்கள் ஒவ்வொரு முறை துன்புறுவதா? கேள்வி உண்மையானது. ஸ்டார்லிங்கின் பிழை அவர் தேர்ந்த விடையில் இல்லை. அந்த முடிவைத் தனியாக, யாரிடமும் கேளாமல், எங்கும் பதியாமல் எடுக்க முடிந்ததில்தான் பிழை இருக்கிறது. அதற்கு இடம் தந்தது சட்டத்தின் அமைப்பு. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம் ஆளுக்குத் தரப்பட்டது. வழக்கமான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்களிக்கும் சான்றிதழ் ஆய்வின் வகையைப் பொறுத்துத் தரப்பட்டது: மயக்கம் தெளியவிட ஒன்று, வகுப்பில் காட்ட ஒன்று. விலங்குக்கென்று ஒரு தாளும் இல்லை. உரிமம் பெற்றவர்மேல் வழக்குத் தொடுக்க உள்துறை அமைச்சரின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். 1882இல் தோன்றிய, ஆய்வுக்கு ஆதரவான ஒரு சங்கத்தின் பரிந்துரை உரிம விண்ணப்பங்களில் எவ்வளவு எடை பெற்றது என்பதை ரிச்சர்ட் பிரெஞ்சு 1975இல் விரிவாகக் காட்டியிருக்கிறார். அங்கேயும் எடைபோடப்பட்டது ஆளின் தகுதிதான். ஆட்களின் தாள்கள் ஒன்றோடொன்று சேராத இடைவெளியில் அந்த நாய் இரண்டு மாதம் வாழ்ந்தது. கல்லின் வினைச்சொல் சுட்டுவது அந்த இடைவெளியை.

4. 232

மூன்றாம் உறுப்பின் எண்ணும் இதே நோக்கில் படிக்கத்தக்கது. 1903இல் நாடு முழுவதற்கும் சொல்லப்படும் எண் 19,084. உள்துறைக் கணக்கு எண்ணியது ஆய்வுகளை. 232 என்பது வேறுவகை எண்: ஒரே இடம், ஒரே ஆண்டு, ஒரே இனம், எண்ணப்பட்டவை உயிர்கள்.

இதற்கொரு பாடபேதமும் உண்டு. பழைய சிலை 1910 மார்ச்சில் இரவோடிரவாக அகற்றப்பட்ட பின், 1985இல் பேட்டர்சிப் பூங்காவில் நிக்கோலா ஹிக்ஸ் செய்த புதிய சிலை நிறுவப்பட்டது. அதன் பீடம் பழைய பொறிப்போடு நாடளாவிய எண்களையும் சேர்த்துத் தருகிறது. அங்கே 1903இன் 19,084 துன்புற்று இறந்த விலங்குகளாகவும், 1984இன் 34,97,335 உயிருள்ள விலங்குகளின்மேல் நடந்த ஆய்வுகளாகவும் குறிக்கப்படுகின்றன. ஒரே வாக்கியத் தொடருக்குள் எண்ணும் அலகு மாறிவிடுகிறது. ஒரு விலங்கின்மேல் ஓர் ஆய்வுதான் என்றால் இரண்டும் ஒன்றே. ஒரே விலங்கின்மேல் ஆய்வு இரண்டு நடந்தால் கணக்கு பிரிகிறது. பழுப்பு நாயின் வழக்கே அந்தப் பிரிவில் பிறந்ததுதான். புதிய பீடம் தவறவிட்ட இந்த நுட்பத்தைப் பழைய பீடம் காத்தது என்பது என் துணிபு. 232 எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியிடம் அதன் சொந்தக் கணக்கைப் பொதுவெளியில் கேட்ட குரல் அது. 2014இல் விலங்காய்வு வெளிப்படைத்தன்மை உடன்பாட்டில் ஒப்பமிட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் செய்ய ஒப்புக்கொண்டதும் அத்தகைய கணக்குச் சொல்லலே.

5. நடுவரியின் வழித்தடம்

விலங்காய்வு பற்றி 1906இல் அமைந்த அரச ஆணையம் 1912இல் இறுதி அறிக்கை தந்தது. கூடுதல் ஆய்வாளர்கள் வேண்டும் என்ற பரிந்துரையே பலராலும் நினைவுகூரப்படுகிறது. ஆய்வு முடிந்தபின் துன்பக்குறி காட்டும் விலங்குகளை வலியின்றிக் கொல்லும் விதியை இறுக்குவது, சிலவகை ஆய்வுகளுக்குத் தனிப்பதிவு வைப்பது என்ற இரண்டும் என் கண்ணில் அதனினும் பெரியவை. ஓர் ஆய்வுக்கும் அடுத்த கைக்கும் நடுவே விலங்குக்கு என்ன நேர்கிறது என்று அங்கே அரசுத்தாள் கவலைப்படுகிறது.

1926இல் சார்ல்ஸ் ஹியூம் லண்டன் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே விலங்குநலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அது 1938இல் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமான கூட்டமைப்பாக விரிந்தது. அதன் ஆதரவில் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் எழுதிய நூல் 1959இல் வந்து மூன்று நெறிகளை நிறுவியது: விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். அவர்களுக்கு வழிகாட்டிய ஆலோசனைக் குழுவின் தலைவர் பீட்டர் மெடவார், அப்போது பழுப்பு நாய் இறந்த அதே கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஸ்டார்லிங்கின் சாட்சியை இந்த நெறிகளால் உரசிப் பார்த்தால் சிக்கல் தெளிவாகிறது. அவர் எண்ணிக்கையைக் குறைத்தார். ஒரே உயிரின் துன்பத்தைக் கூட்டினார். நெறிகள் இரண்டும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் தீர்ப்புச் சொல்ல ஆய்வாளர் அல்லாத ஒருவரும் வேண்டும்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு மறுபயன்பாட்டைத் தனியே எடுத்துக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வோர் ஆய்வு நிலையத்திலும் விலங்குகளின் அன்றாடப் பராமரிப்புக்குப் பொறுப்பானவரும் கால்நடை மருத்துவரும் பெயர்சுட்டி நியமிக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 1999 ஏப்ரல் முதல் நிறுவனந்தோறும் அறநெறி மறுஆய்வு கட்டாயமாயிற்று. 2013இல் அது விலங்குநல, அறநெறிக் குழுவாக மறுவடிவம் பெற்றது. அந்த மாற்றத்துக்குக் காரணமான 2010ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியாணை, மறுபயன்பாட்டுக்கு முன் கால்நடை மருத்துவரின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அந்தக் கருத்து, விலங்கு தன் வாழ்நாள் முழுதும் பட்டதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கல்லுக்கும் இந்தப் பிரிவுகளுக்கும் இடையில் நேர் ஆவணத் தொடர்பு ஒன்றை நான் முன்வைக்கவில்லை. 14ஆம் பிரிவை வரைந்தவர்கள் பழுப்பு நாயை நினைத்தார்கள் என்பது என் வாதமன்று. ஒரே கேள்வி வெவ்வேறு தலைமுறைகளில் தனித்தனியே எழுந்திருக்கவும் கூடும். அப்படியே ஆனாலும் லான்ஸ்பரியின் முடிவு நிற்காது. சட்டம் பிற்பாடு அறிந்துகொண்ட கேள்வியை 1906இலேயே பிழையின்றிக் கல்லில் எழுதியவர்கள், அந்த நாயை நாயாகப் பார்க்கவில்லை என்று சொல்வது பொருந்தாது. அதன் நாட்களை அவர்கள் எண்ணினார்கள். அது போன கைகளையும் எண்ணினார்கள்.

எண்ணியதில் ஒரு நாள் மட்டும் நிலைபெறாமல் இருக்கிறது. முதல் அறுவை 1902 டிசம்பரில் என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கல்லோ இரண்டு மாதத்துக்கும் மேல் என்கிறது. பிப்ரவரி 2 அன்று நாய் இறந்ததால், இரண்டு கூற்றும் பொருந்த வேண்டுமானால் முதல் அறுவை டிசம்பர் 1 அன்று நடந்திருக்க வேண்டும். இல்லையேல் பொறித்தவர்கள் சில நாட்களைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது டிசம்பர் என்ற மரபே பிழையாக வேண்டும். எதையும் அறுதியிட நான் விரும்பவில்லை. இன்றைய ஆய்வுக்கூடத்தில் மறுபயன்பாட்டுக்கு இசைவு கேட்பவர் முதலில் காட்ட வேண்டியது, அந்த விலங்கு முன்பு என்ன பட்டது, எப்போது பட்டது என்ற பதிவை. அப்படியொரு பதிவு 1902இல் இருந்திருந்தால் இந்தப் பத்திக்குத் தேவையே இருந்திராது.